கதவோரத்துத் தண்ணீர்

பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவனுக்கு வியர்க்காது என்று எண்ணுகிறவர்கள், அதன் வாசற்படியைக்கூட மிதித்திராதவர்கள். உப்புநீர்த் தொட்டியின்மேல் பரப்பிய மரப்பலகைகளில் சற்று நேரம் நின்றால் பாதம் மரத்துப்போகும். அடுத்த அறையில் ஓடும் கம்ப்ரஸரின் அருகே போனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். குளிருக்கும் வெக்கைக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்து மூடியே தலை நரைத்தவர் ஆபரேட்டர். கம்ப்ரஸரின் ஓசை சற்றே இறங்கினாலும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அவருடைய கை நின்றுவிடும். எழுந்து போய் எதையோ கால் சுற்றுத் திருகிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ரொட்டியைத் தொடர்வார்.

அங்கே குழாய்களுக்குள் ஓடுவது அம்மோனியா. ஒழுக்கு இல்லாத நாள்களிலும் அதன் காரம் காற்றில் நிற்கும். முடியிலும் நகக்கண்ணிலும் சட்டை மடிப்பிலும் ஏறிக்கொண்டு வீடுவரை வரும். ஒழுக்கு ஏற்பட்டுவிட்டாலோ, அது முதலில் தேடிப் போகும் இடம் மனிதனின் கண். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே பாய்வது அதன் குணம். அதற்கு மருந்தும் தண்ணீர்தான்; உடனே, நிறைய, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஆகவே, கம்ப்ரஸர் அறையின் கதவோரத்தில் ஒரு நீல டிரம்மில் எப்போதும் தண்ணீர் இருக்கும். விளிம்பில் ஒரு குவளை கயிற்றில் தொங்கும். வேலை முடிந்து போகிறவன் அதை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். வேலைக்கு வருகிறவன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். யாரும் எழுதி மாட்டாத சட்டம் அது. போகிறவர்கள் தவறாமல் நிரப்பினார்கள். அதனாலேயே வருகிறவர்கள் நாளடைவில் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

ஆபரேட்டரின் குடும்பம் ஆலயத்தின் பின்புறம் இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தது. வீடு ஆலயத்துக்குச் சொந்தம். அவருடைய மனைவி ஆலயத்தைக் கூட்டித் துடைத்து, பித்தளை விளக்குகளைப் புளிச்சாறு போட்டுத் தேய்த்து, பலிபீடத்து விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட்டுவைப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆபரேட்டர் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து, பெஞ்சுகளை நேராக்கி, மணி அடிப்பார். அதற்காகத்தான் வீடு. ஒரே மகள் ஆலயத்து மழலைப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில், சன்னலை ஒட்டி உட்காருவது ஆபரேட்டரின் வழக்கம். தம் சட்டையின் வாடை வெளியே போகட்டும் என்பதற்காகவே அந்த இடத்தை அவர் தேர்ந்துகொண்டார் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

சபையின் செயலாளருக்குத் தோன்றவில்லை என்பது மட்டுமன்று. அவர் ஒரு நாள் படிக்கட்டில் ஆபரேட்டரின் மனைவியை நிறுத்தி, ஆண்டவருடைய சந்நிதிக்கு வருகிறவர்கள் உடம்பைக் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளலாமே என்றும், முன்வரிசை வரைக்கும் மூத்திர வாடை வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள் என்றும், தமக்கு அப்படியில்லை, பிறர் சொன்னதைத்தான் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பேருந்து நிலையத்துக்கு எதிரே குளிர்பானக் கடை வைத்திருந்தவர் அவர். தம் கடையின் புட்டிகள் எந்தப் பனிக்கட்டிமேல் கிடந்து குளிர்ந்தன, அந்தக் கட்டியை உறையவைத்த மனிதனின் சட்டையில் ஏன் அந்த வாடை அடிக்கிறது என்று, நுட்பமான மூக்குப் படைத்த அம்மனிதர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று மாலை மனைவி அதைக் கணவரிடம் சொன்னபோது அழுதார். ஆபரேட்டர் சிரித்தார். மறு வாரத்திலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்று ஒன்று தனியாக வந்தது. மனைவி அதைத் துவைத்து மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிச்சிட்டுக் கொடுப்பார். அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், வெளிவாசல் ஆணியில் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் குளித்து மாற்றிக்கொண்டு நேரே ஆலயத்துக்குப் போவார்.

ஞாயிறு பகல் வேலை உண்மையில் ஆபரேட்டருடைய முறை. அதைப் பல வருடங்களாகத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் கரடி. ஆள் பருமன், உறைகுளிரிலும் பனியனோடு நின்று கட்டி இழுப்பார் என்பதால் அந்தப் பெயர். கல்யாணம் ஆகவில்லை. கணவனை இழந்த அக்காவோடு, குழாயடித் தெருவின் முனையில் ஒற்றை அறையில் இருந்தார். எந்தக் கோயிலுக்கும் போகிறவர் அல்லர். ஆபரேட்டரைப் 'பாதிரி' என்றுதான் கூப்பிடுவார். சனி இரவு வேலையை அவரிடம் தள்ளிவிட்டு ஞாயிறு விடிந்ததும் தாம் வருவார். வரும்போதெல்லாம் ஒரே வாக்கியம்:

"எனக்கு ஞாயிறும் ஒண்ணுதான், திங்களும் ஒண்ணுதான். நீ போ பாதிரி. எனக்கும் சேத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வா."

அந்தக் கோடையில் ஊருக்கே தண்ணீர் வற்றியது. தெருக்குழாயில் நூல் போல் விழுந்த நீருக்கு வாளிகள் விடியும் முன்பே வரிசையில் நின்றன. ஆலயத்துக் கிணறு சேறாயிற்று. தொழிற்சாலையின் மேல்தொட்டியில் மட்டும் லாரித் தண்ணீர் இருந்தது; அது பனிக்கட்டிக் கலங்களுக்கு மட்டுமே என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிரம்முக்குக் கொஞ்சம் விட அனுமதி உண்டு.

அந்த ஞாயிறு விடியலில் ஆபரேட்டர் குளிப்பதற்கு இருந்தது அந்த டிரம்தான். இதற்கு முன்பும் குளித்திருக்கிறார். குளித்த கையோடு நிரப்பியும் இருக்கிறார். அன்று தலைக்குச் சோப்புப் போட்டு, கழுத்து மடிப்பைத் தேய்த்து, அடி தட்டும்வரை மொண்டு ஊற்றிக்கொண்டபின் பார்த்தால், குழாய் கலங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கலங்கள் நிறையும்வரை அதை எடுக்க முடியாது. அதற்குள் ஆலயத்தின் கதவைத் திறந்தாக வேண்டும். சற்று நேரத்தில் கரடி வருவார், குழாய் ஓய்ந்ததும் நிரப்பிக்கொள்வார் என்று நினைத்தார். சொல்லிவிட்டுப் போகலாம் என்றும் நினைத்தார். கரடி வந்தார்.

"என்ன பாதிரி, மாப்பிள்ளை மாதிரி மணக்கிறே. பொண்ணு வீட்டுக்கா போறே?"

ஆபரேட்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் டிரம் மறந்துபோயிற்று. சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டே வேகமாக நடந்தார்.

ஆராதனை பாதியில் இருக்கும்போது, கம்ப்ரஸர் அறையில் ஒரு வால்வின் பழைய அடைப்பான் பிளந்தது. வெள்ளைப் புகையாக எழுந்த வாயு கரடியின் முகத்தில் நேராக அடித்தது. அறையின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த மனிதர். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிக் கதவுக்கு வந்து, டிரம்மின் மூடியைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். பனிக்கட்டி உடைக்கும் இயந்திரத்தில் நின்றிருந்த தொழிலாளி பின்னால் ஊரெல்லாம் சொன்னது, அவருடைய அலறலைப் பற்றியல்ல. காலி டிரம்மின் அடியில் குவளை தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்; தண்ணீர் எங்கேயாவது இருக்கும் என்று நம்புகிறவனைப் போல அவர் நிறுத்தாமல் மொண்டுகொண்டிருந்தாராம். கூடத்தின் மறுகோடியில் இருந்த குழாய்க்கு அவரை இழுத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீர் உடனே பட்டிருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

முதலாளி விசாரித்தார். வேலையில் நின்றவன் கரடி; டிரம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியவனும் அவனே; பார்க்கவில்லை. விசாரணை அவ்வளவில் முடிந்தது. குடித்திருப்பான் என்று சிலர் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவன் வீழ்ந்துவிட்டால் அவனைப் பற்றி எதையும் சொல்லலாம் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான ஒழுக்கமாக இருக்கிறது.

ஆபரேட்டர் தினமும் மாலையில் மருத்துவமனைக்குப் போனார். பகலெல்லாம் உடனிருந்த கரடியின் அக்கா தம் வீட்டுக்குப் போய் வருவதற்கு அதுதான் நேரம். கண்களைக் கட்டியிருந்த அந்தப் பெரிய உடல் கட்டிலுக்கு வெளியே பிதுங்கிக் கிடந்தது. ஆபரேட்டர் ரொட்டியைத் தேநீரில் நனைத்து வாயில் வைப்பார். முதல் நாள் வைத்தபோதே கரடி கேட்டார்:

"அன்னைக்கு எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கிட்டேன்."

"அப்ப உன் ஆளுக்குக் காது சரியில்ல போலிருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சும்மா சொன்னேன். உன் ஆளையும் குத்தம் சொல்ல முடியாது, முதலாளியையும் குத்தம் சொல்ல முடியாது. வந்ததும் மூடியைத் திறந்து பாக்கணும். பாத்தேனா? கொழுப்பு. என் கண்ணை நானே கெடுத்துக்கிட்டேன். விடு" என்றார்.

ரொட்டித் துண்டு ஆபரேட்டரின் விரல்களுக்கிடையில் ஊறிக் கரைந்து, தேநீருக்குள்ளேயே விழுந்தது. சொல்லவேண்டிய நேரம் அதுதான். அவர் வேறொரு துண்டை நனைத்தார்.

அதன்பின் வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கை கழுவப் போய்க் குழாயடியில் நின்றுகொண்டே இருப்பார். மனைவி கேட்டுக் கேட்டு ஒரு நாள் டிரம் விஷயத்தை அவர் வாயிலிருந்து வாங்கிவிட்டார். கேட்டு முடித்ததும் மனைவி முதலில் செய்த காரியம், எழுந்து போய்த் தெருப்பக்கச் சன்னலைச் சாத்தியது.

அந்த வாரமே போதகரும் செயலாளரும் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் போட்டுக் கொடுத்தார் மனைவி. போதகர் கெட்ட மனிதர் அல்லர். மனம் நெகிழ்ந்துதான் பேசினார். அது ஆபரேட்டரின் முறை நாள் என்பதையும், அவர் அங்கே நின்றிருக்க வேண்டியவர் என்பதையும், ஆண்டவர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஆலயத்தில் உட்காரவைத்ததையும் சொல்லிச் சொல்லி வியந்தார். இளைஞர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வராமல் வேலை வேலை என்று அலைகிற காலத்தில், வரும் ஞாயிறன்று ஆபரேட்டர் சபைக்கு முன்னால் நின்று இதைச் சாட்சியாகச் சொன்னால் எத்தனை பேர் திருந்துவார்கள் என்றார். செயலாளர் வேறொன்று சொன்னார். ஆலயத்து வீட்டை யாருக்கு விடுவது என்று குழுவில் ஒரு பேச்சு இருக்கிறதாம். வெளியூரிலிருந்து வரும் புதிய பாடகர்குழுத் தலைவருக்கு வேண்டுமாம். இப்படி ஒரு சாட்சி சொல்லிவிட்ட குடும்பத்தை எழுப்பச் சொல்ல யாருக்கும் வாய் வராதாம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வதாகவும் கூறினார்.

ஒருவன் தப்பித்ததற்கு நன்றிக் கூட்டம் நடத்துகிறவர்கள், அவனுடைய இடத்தில் அகப்பட்டவனின் பெயரை அந்த நன்றியில் எங்கே வைப்பார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மருத்துவமனை ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். அவர்கள் இருவரில் ஒருவரும் அதுவரை அங்கே போனதில்லை.

சனிக்கிழமை மாலை. மனைவி அடுப்படியில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். மகள் மூலையில் உட்கார்ந்து, மழலைப் பள்ளிக்கு அட்டையில் பறவைகள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க. காலுக்கு நடுவுல வந்து வந்து போறீங்க."

அவர் உட்கார்ந்தார். மனைவி அடுத்த கிழங்கை எடுத்தார்.

"ஏங்க, பொய் சொல்லச் சொல்லல நான். நீங்க அன்னைக்கு ஆலயத்துல இருந்தீங்களா, இல்லையா? இருந்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கு ஆண்டவருக்கு நன்றின்னு சொல்லுங்க. அது நெசம்தானே?"

"நெசம்தான்."

"அப்புறம் என்ன?"

"டிரம்மைச் சொல்லாம அதை மட்டும் சொன்னா, அது நெசமா இருக்காது."

"டிரம் ஆண்டவருக்குத் தெரியும்ல? முழங்கால் போட்டு அழுதீங்களே, நான் பாத்தேனே. அவர் மன்னிச்சிருப்பார். அவருக்குத் தெரிஞ்சா போதாதா? இன்னும் யாருக்குத் தெரியணும்?"

"கரடிக்குத் தெரியாது."

மனைவி கத்தியைக் கீழே வைத்தார். கரடிக்குத் தெரிந்தால் கண் வந்துவிடுமா என்று கேட்டார். வராது என்றார் அவர். வேலை போகும் என்றார் மனைவி; போகும் என்றார் அவர். வீடு போகும் என்றார் மனைவி; அவர் அதற்கும் தலையசைத்தார். இந்த அறைகளில் தாம் எத்தனை வருடம் தரையைத் தேய்த்திருக்கிறார் என்று சொல்லத் தொடங்கிய மனைவி பாதியில் நிறுத்தி, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் அந்தச் சட்டையைத் துவைச்சுக் குடுத்தேன். நான்தான் குளிச்சிட்டு வாங்கன்னு பிடுங்கி எடுத்தேன். அப்ப என்னையும் சேத்துச் சொல்லுவீங்களா?"

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை வராது."

"செயலாளரைப் பத்தி?"

அவர் தரையில் சிந்திக் கிடந்த தோலைப் பொறுக்கத் தொடங்கினார். மகள்தான் தலை நிமிராமல், கத்தரிக்கோலை நிறுத்தாமல் கேட்டாள்:

"நீங்க நல்லவரா இருக்கறதுக்கு நாங்க எவ்வளவு சுமக்கணும்ப்பா?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் எந்த வீட்டிலும் யாரும் அப்படி விட மாட்டார்கள்.

மறுநாள் அவர் கதவுகளைத் திறந்தார், பெஞ்சுகளை நேராக்கினார், மணி அடித்தார். பெரிய விபத்திலிருந்து ஆண்டவர் பிழைக்கவைத்த சகோதரர் என்று செயலாளர் முகவுரை சொன்னார். அது நெடிய முகவுரை. ஆபரேட்டர் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் நடந்து வந்தார். பலரும் அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

"போதகர் ஐயா என்னைச் சாட்சி சொல்லச் சொன்னாங்க. அன்னைக்கு விடியக்காலம் நான் இங்க வர்றதுக்காகக் குளிச்சேன். விஷக்காத்து பட்டா கண்ணைக் கழுவறதுக்குன்னு எங்க வேலையிடத்துல ஒரு டிரம்முல தண்ணி வச்சிருப்போம். அந்தத் தண்ணியில குளிச்சேன். திரும்ப நிரப்பல. ஆராதனைக்கு நேரமாச்சுன்னு ஓடி வந்துட்டேன்."

அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பழக்க தோஷத்தால் "அல்லேலூயா" என்றார். ஆபரேட்டர் அவரைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நாம இங்க பாடிட்டிருந்த நேரத்துல, என் இடத்துல நின்னவர் அந்த டிரம்முக்குள்ள கையை விட்டுத் தேடியிருக்கார். தண்ணி இல்ல. அவருக்கு ரெண்டு கண்ணும் போச்சு. அவர் குடிக்கல, தூங்கல. தப்பு என்னோடது. ஆண்டவர் என்னைக் காப்பாத்தினார்னு என்னால சொல்ல முடியல. அப்படிச் சொன்னா அவரை ஆண்டவர் கைவிட்டார்னு ஆயிடும். கைவிட்டது நான்."

ஏன் குளித்தார் என்று அவர் சொல்லியிருக்கலாம். யார் முகம் சுளித்தார்கள், யார் படிக்கட்டில் நிறுத்திச் சொல்லி அனுப்பினார்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், பழி சரிபாதியாகப் பிரிந்திருக்கும். செயலாளர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்துக்காகவே காத்திருந்தார். அது வரவில்லை. வராததற்காக அந்த மனிதர் பிற்பாடு ஒரு நாளாவது நன்றியோடு நினைத்திருந்தால், இந்தக் கதையை இத்தனை கசப்போடு சொல்லவேண்டி வந்திராது.

போதகர் விரைந்து எழுந்து பாட்டு ஒன்றை அறிவித்தார். பாட்டு முடிவதற்குள் ஆபரேட்டர் பக்கவாசலால் வெளியேறி, வெயிலில் குழாயடித் தெருவை நோக்கி நடந்தார். கரடியை மருத்துவமனை இரண்டு நாளுக்கு முன்புதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் துணியையும் அலசியதில் அது சாம்பல் நிறமாகியிருந்தது. வாங்க என்று சொல்லி எழுந்தார். உள்ளே கரடி சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே ஆளை அறிந்துகொண்டார்.

"என்ன பாதிரி, இந்நேரத்துக்கு? கோயில் அதுக்குள்ள விட்டுட்டாங்களா?"

ஆபரேட்டர் தரையில் உட்கார்ந்தார். சபையில் சொன்னதையே சொன்னார். ஆனால் அங்கே ஒரே சீராக வந்த சொற்கள் இங்கே துண்டு துண்டாக வந்தன. கரடி ஒரு முறையும் குறுக்கிடவில்லை. வாசலில் அக்காவின் கை ஓய்ந்துவிட்டது என்பது, துணியிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசையில் தெரிந்தது.

கரடி கேட்டார்: "வேற யார்கிட்டச் சொன்னே?"

"சபையில."

"அவங்க முதல்ல. நான் ரெண்டாவது. சரி."

"கரடி…"

"இரு. நான் பேசிக்கறேன். அன்னைக்கு உன்கிட்ட சோப்பு மணந்துச்சு. ஊருல குடிக்கத் தண்ணி இல்ல, இவன் தலைக்குக் குளிச்சிருக்கான். கண்ணு கட்டோட படுத்திருக்கும்போது எனக்கு வேற என்ன வேலை? அந்த மணத்தைத்தான் நினைச்சிட்டிருந்தேன். எங்க குளிச்சிருப்பான்னு அதுக்கு மேல நான் போகவே இல்ல. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல நிறுத்திருவேன். ஏன்னா, அதுக்கு மேல போனா நீ எனக்கு இருக்க மாட்டே. தப்பு என்னோடதுன்னு வச்சுக்கிட்டேன். அது சுலபமா இருந்துச்சு. கண்ணு போச்சு, சாயங்காலம் ரொட்டி நனைச்சுக் குடுக்க ஒருத்தன் வருவான். இப்ப அதையும் எடுத்துட்டே."

"என்னால உன் முன்னாடி உக்கார முடியலடா. தினமும் நீ உன்னையே திட்டிக்கறதைக் கேட்டுட்டு…"

"உனக்கு முடியல. ஆமா." கரடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பார்வை இல்லாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை, ஆனாலும் திருப்பிக்கொண்டார். "நீ போயிரு. அக்கா, அவனை அனுப்பிரு. இனிமே கதவைத் திறக்காதே."

நடந்தவற்றில் மிச்சம், எவரும் எதிர்பார்த்திருக்கக்கூடியதே. தொழிற்சாலையில் முதலாளி ஆபரேட்டரை நீக்கினார். அதனால் கரடியின்மேல் இருந்த பழி நீங்கிற்றா என்றால், இல்லை. போனவன் நிரப்பவில்லை, வந்தவன் பார்க்கவில்லை, இருவருமே உருப்படாதவர்கள் என்று முதலாளி தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். ஒரு குற்றவாளி இருந்த இடத்தில் இருவரானார்கள்; உண்மை சாதித்தது அவ்வளவுதான். ஆலயத்துக் குழு மிகுந்த வருத்தத்தோடு வீட்டைக் காலி செய்யச் சொன்னது. பாடகர்குழுத் தலைவர் குடிவருவதற்கு முன் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பித்தளை விளக்குகளைக் கடைசியாக ஒரு முறை தேய்த்துவைத்துவிட்டுத்தான் மனைவி சாவியைக் கொடுத்தார். மழலைப் பள்ளியில் மகளை யாரும் போகச் சொல்லவில்லை, பேசுவதைத்தான் நிறுத்தினார்கள். அவளாகவே நின்றுகொண்டாள்.

மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையின் மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஆபரேட்டர் சந்தையில் பெட்டி இறக்கும் வேலைக்குப் போனார். அந்த வயதில் முதுகு அதற்கு இணங்கவில்லை. மனைவி சாப்பாடு வைப்பார், துணி துவைப்பார், தேவையானதைப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மட்டும் தம் கையால் துவைப்பதில்லை. ஆபரேட்டரே அலசிக் கொடியில் போட்டுக்கொள்வார்.

ஆலயத்துக்குப் போவதை அவர் விடவில்லை. அதே கடைசி பெஞ்சு, அதே சன்னல். இப்போது அவரிடம் அம்மோனியா வாடை சிறிதும் இல்லை. ஆனாலும் பெஞ்சில் முன்னைவிட அதிக இடம் கிடைத்தது.

ஆலயத்துக்குப் போகும் முன்னால் வேறொரு வேலை வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு விடிந்ததும் வாளியோடு தெருக்குழாய் வரிசையில் நிற்பார். கரடியின் வீட்டு வாசலில், கதவை ஒட்டி ஒரு தகர டிரம் இருந்தது. வரிசையில் நின்று, மொண்டு, நடந்து, ஊற்றி, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, அது விளிம்பு தட்டும்வரை நிரப்புவார். குழாயடிப் பெண்கள் முதலில் கேலி பேசினார்கள். விஷயம் தெரிந்ததும் கேலியை விட்டு, வரிசையில் அவருக்கு வழிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் அவர் நிரப்பி முடித்ததும் அக்கா கதவைத் திறந்து வந்து டிரம்மைக் கவிழ்த்தார். அந்த வறட்சியில் அத்தனை தண்ணீரும் தெருமண்ணில் ஓடுவதை எதிர்வீட்டுக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். தம்பி சொன்னதைச் செய்வதாக அக்கா சொன்னார். சொல்லும்போது அவர் ஆபரேட்டரின் முகத்தைப் பார்க்கவில்லை; ஈர மண்ணைப் பார்த்தார். ஆபரேட்டர் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசைக்குப் போனார். அன்று ஆராதனைக்கு மணி அடித்து முடிந்த பிறகே டிரம் இரண்டாம் முறை நிறைந்தது. அதை அக்கா கவிழ்க்கவில்லை. அதற்காக நன்றி சொல்லவும் இல்லை.

வாரங்கள் இப்படிப் போயின. கதவு திறக்கவில்லை. உள்ளே கரடி இருமுவது கேட்கும். ஆபரேட்டர் பேச்சுக் கொடுத்ததில்லை; வாளியின் கைப்பிடிச் சத்தம்தான் அவர் வந்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிறு. வானம் மூடிக்கிடந்தும் மழை இறங்கவில்லை. கடைசி வாளியை அவர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தாழ்ப்பாள் விலகியது. கரடி வாசலில் வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது, பனியன் தோளில் தொங்கியது. கதவுச் சட்டத்தைத் தடவி, சுவரைத் தடவி, டிரம்மின் விளிம்பைப் பிடித்தார். ஆபரேட்டர் வாளியோடு அசையாமல் நின்றார்.

கரடி வலது கையை டிரம்முக்குள் விட்டார். விரல் நுனி தண்ணீரைத் தொட்டதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு முழங்கைவரை, அதற்கும் மேலே, தோள் நனையும்வரை உள்ளே விட்டு அடியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் வழிந்து அவருடைய காலில் விழுந்தது. கையை வெளியே எடுத்து, சொட்டச் சொட்டச் சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

"இப்ப நிறைஞ்சிருக்கு" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது. கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே தடவிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

ஆலயத்து மணி கேட்டது. புதிதாக யாரோ அடிக்கிறார்கள். விட்டு விட்டு, சீரில்லாமல். கரடியின் கை தண்ணீரை வழியச் செய்ததில் டிரம்மின் நீர்மட்டம் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆபரேட்டர் அதைப் பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.